பார்வையாளர்: ஒருவர்

அண்ணனை எரித்து ஒரு கிழமை ஆகியும் செயலியில் அவருடைய கண் பச்சையாகவே இருந்தது.

கண் என்றால் உண்மையான கண் இல்லை. கார் ஓடுகிறபோது போன் திரையின் மேல்மூலையில் வருகிற சின்னக் கண்படம். தூரத்திலிருந்து யாராவது அந்தக் காரைக் கவனித்துக்கொண்டிருந்தால் பச்சையாகத் திறக்கும். இல்லாவிட்டால் சாம்பல் நிறத்தில் மூடிக் கிடக்கும். பக்கத்திலேயே ‘பார்வையாளர்: ஒருவர். பெயர்: பிரசாந்தன்’ என்று எழுத்து வரும். தனுசன் கார் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கண்ணுக்குக் கீழேதான் ஓட்டினான். அண்ணன் பிரசாந்தன் கட்டாரில் வெல்டிங் வேலை. இரண்டு தட்டுக் கட்டிலின் மேல்தட்டில் படுத்துக்கொண்டு, திருகோணமலையில் ஓடுகிற தன் காரின் ஒவ்வொரு மூச்சையும் கணக்கெடுத்த மனிதர். ஸ்டேரிங்குக்குக் கீழே செருகியிருந்த தீப்பெட்டியளவு கறுப்புப் பெட்டி என்ஜின் சூடு, வேகம், பெற்றோல், பிறேக் எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லும். முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த கமெரா றோட்டைக் காட்டும். பிறகு அவர் தம்பிக்குச் சொல்லுவார்.

“உப்புவெளியில ஏன்டா சடாரெண்டு பிறேக் அடிச்சனீ?”

“மாடு, அண்ணா.”

“மாட்டை முன்னுக்கே பாக்க வேணும். கண் எங்க இருந்தது?”

“றோட்டிலதான்.”

“மாடும் றோட்டிலதானேடா நிண்டது?”

ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் செயலி ஓட்டுநருக்குப் புள்ளி போடும். தனுசன் எழுபத்தொன்றைத் தாண்டியதே இல்லை. அண்ணன் அந்தப் புள்ளியைப் படம் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடுவார். கனடாவில் இருக்கிற சித்தப்பா அதற்குக் கட்டைவிரலைக் கீழே காட்டுவார். சித்தப்பாவுக்குக் கார் ஓட்டவே தெரியாது.

செத்தபோதும் அண்ணனின் கையில் போன்தான் இருந்ததாம். நெஞ்சு வலி. தனுசன் அப்போது உள்துறைமுகக் கரையில் காரை ஓரங்கட்டிவிட்டு ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டிருந்தான். ஒரு குரல் பதிவு வந்தது. “ஏன்டா நிக்கிறாய்? எடு.” அவன் எடுக்கவில்லை. ஐஸ்கிறீமை முடித்துக் கோப்பையை நக்கிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அண்ணனிடமிருந்து ஒன்றும் வரவில்லை, பெட்டிதான் வந்தது. ஆணி அறைந்த, மருந்து மணக்கிற பெட்டி.

பச்சைக் கண்ணைப் பற்றித் தனுசன் றுவைசிடம் கேட்டான். பாலையூற்றில் கராச் வைத்திருக்கிற றுவைஸ்தான் அந்தக் கறுப்புப் பெட்டியைச் செருகிக் கொடுத்தவன்.

“உன்ட அண்ணன்ட எக்கவுண்ட் இன்னும் லொகின்ல இரிக்கிடா. வேறொண்டும் இல்ல.”

“போனே ஓவ் பண்ணிக் கிடக்கு. மச்சாள் அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கிறா.”

“அப்ப கட்டார்ல வேற போன்லயும் போட்டிருப்பார். றூம்காரன் ஆரோ பாக்கிறான்.”

“எங்கட காரை றூம்காரன் ஏன்டா பாக்கிறான்?”

“கட்டார்ல பின்னேரத்தில வேற என்னடா வேல?” றுவைஸ் ஸ்பானரைத் துடைத்தான். “பயமெண்டா கழட்டி எறி.”

“எட்டு முடியும்வரைக்கும் அவற்ற சாமான் ஒண்டிலயும் கை வைக்கக் கூடாதெண்டு மச்சாள் நிக்கிறா.”

“சரி, அப்ப ஓட்டு. ஆனா இந்த அப் சும்மா இல்ல மச்சான். பாரத்தையும் கண்டுபிடிக்கும். பாரம் கூடினா லீற்றருக்கு ஓடுற தூரம் குறையும்தானே. உன்ன மாதிரி ஒல்லியன் ஒருத்தன் ஏறினாலும் காட்டிக் குடுத்திரும். வேணுமெண்டா கட்டார்க்காரனை ஏத்திப் பாரு.” சிரித்தான். தனுசனும் சிரித்தான். அவன் சிரிப்பு முழுதாக வரவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று வந்தது. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்து, பொழுதுபடுகிற நேரத்தில் முச்சந்தியில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். அதோடு செத்தவர் தன் வழியில் போய்விடுவார். தனுசனின் கணக்கும் அதுதான். இன்றைக்கு வைத்துவிட்டு வந்தால் பெட்டியைக் கழற்றலாம், கமெராவைப் பிய்க்கலாம், செயலியை அழிக்கலாம். தன் வாழ்க்கையில் முதன்முறையாக யாரும் பார்க்காமல் ஒரு இடத்துக்குப் போய் வரலாம். எங்கே போவது என்று அவன் இன்னும் யோசிக்கவில்லை. போகலாம் என்பதே போதுமாக இருந்தது.

ஓர்ஸ் ஹில் வீட்டின் குசினியில் அண்ணன் மனைவி யசோதரா பனையோலைக் கடகத்தில் படையலை அடுக்கிக்கொண்டிருந்தாள். இடியப்பம், சொதி, பொரித்த பாரை மீன், அரைப் போத்தில் சாராயம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டி கணவாய்ப் பிரட்டல். தனுசனுக்குச் சின்ன வயதிலிருந்தே கணவாய் ஆகாது. மணம் பட்டாலே குமட்டும். அவன் வாசலில் நின்றபடியே மூக்கைப் பொத்தினான்.

“அவர் விரும்பிச் சாப்பிட்டதுக்கு மூக்கைப் பொத்துறாய்,” என்றாள் அவள் நிமிராமலே.

“இல்லை மச்சாள், தடிமன்.”

“சல்லியில வை. அவர் பிறந்த ஊர். நடந்து போறதுதான் முறை.”

“சல்லிக்கு நடந்து போனா முப்பத்தொண்டாம் நாள் செலவுக்குத்தான் வந்து சேருவன்.”

அவள் சிரிக்கவில்லை. “விளக்கைக் கொளுத்து. திரும்பிப் பாக்காத. வந்து கேற்றடியில காலைக் கழுவிப்போட்டு உள்ளுக்கு வா. இதிலயும் எதையாவது பிழையா விட்டிட்டு வந்து நிக்காத.”

கடகத்தைத் தூக்கியபோது அவள் முகம் காருக்குத் திரும்பியது. “கலியாணம் கட்டினதில இருந்து நான் போனோடதானே குடும்பம் நடத்தினனான். இந்த முறை லீவில வந்தா இதிலதான் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டவர்.” பிறகு தனுசனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. காலநிலை சொல்வதுபோலச் சொன்னாள்: “கடவுளுக்கு ஆள் மாறிப் போச்சுது.”

அவன் காரை எடுத்தான். கண் பச்சையாகத் திறந்தது.

உள்துறைமுகத்தின் தண்ணீர் ஈயம் உருக்கி ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. எங்கோ ஒரு கப்பல் தொண்டையைச் செருமியது. கடற்படைக்காரரின் வள்ளம் ஒன்று வெள்ளைக் கோடு கிழித்துக்கொண்டு போக, அந்தக் கோடு கரைக்கு வந்து சேருமுன்பே கார் டவுனைத் தாண்டி உப்புவெளிப் பக்கம் ஏறிவிட்டது. பின்சீற்றில் கடகம். கண்ணாடிகளை மூடி ஏசியைக் கூட்டினால் கணவாய் மணம் சுற்றிச் சுற்றி வந்தது. திறந்தால் உப்புக்காற்றோடு சேர்ந்து இன்னும் தடித்தது. அவன் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு ஓட்டினான். லீற்றருக்கு இருபத்திரண்டு கிலோமீற்றர் என்று செயலி சொன்னது. மொழிபெயர்த்தவர் எந்த ஊர்க்காரரோ, அது எப்போதும் கலியாணப் பத்திரிகைத் தமிழிலேயே கதைக்கும்: ‘அன்பான ஓட்டுநரே, தங்கள் பயணம் சீராக உள்ளது.’

சாம்பல்தீவில் திரும்பிச் சல்லிக்குப் போனான். பனைகளுக்கு நடுவே மூன்று மணல் பாதைகள் கூடுகிற இடம். பின்னேரத்தில் அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. அவன் காரை முச்சந்தியைத் தாண்டிக் கடல் பக்கமாக நிறுத்தினான். இறங்கிப் பின்னுக்குப் போய் இலையை விரித்தான், எல்லாவற்றையும் வைத்தான், கணவாயை மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கொட்டினான். சின்ன மண் சுட்டி விளக்கைக் கொளுத்தினான். கடல்காற்று இருந்தது, சுடர் ஆடவில்லை. அதை அவன் கவனித்தான். கவனிக்காததுபோல் நடந்துகொண்டான்.

“இந்தாங்கோ அண்ணா. சாப்பிட்டிட்டுப் போங்கோ,” என்றான். பிறகு, யாரும் இல்லாத தைரியத்தில், “இனிப் பாக்காதீங்கோ.”

திரும்பி நடந்தான். பின்னால் எங்கோ நாய் ஒன்று குரைக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியது. அவன் பார்க்கவில்லை. காரில் ஏறினான், கதவைச் சாத்தினான், உள்கண்ணாடியைக் கூரைப் பக்கம் மடக்கிவிட்டான். கெட்டிக்காரன். எல்லாம் முறைப்படி.

முன்னால் பாதை முடிந்துவிட்டது. கவிழ்த்த வள்ளங்கள், வலைக் குவியல், அதற்கப்பால் கடல். திருப்ப இடமில்லை. பின்னுக்கு எடுத்துத்தான் போக வேண்டும்.

அவன் றிவேர்ஸைப் போட்டான்.

காரின் திரை தானாகவே ஒளிர்ந்தது. பின்கமெரா. அவன் தலை திரும்பவில்லை. கழுத்து ஒரு நூல் அசையவில்லை. கண் நேரே முன்னால் இருந்த திரையில்தான் இருந்தது. அந்தத் திரையில் அவனுக்குப் பின்னால் இருந்ததெல்லாம் இருந்தது. இலை. விளக்கு. தூரம் காட்டுகிற பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள்.

பார்த்துவிட்டான் என்பது அவனுக்கு உறைக்க ஒரு நொடி எடுத்தது.

சென்சர் கீச்சிட்டது. பின்னால் ஏதாவது நெருங்கினால் கத்துகிற சத்தம். திரையில் ஒன்றும் இல்லை. இலையும் விளக்கும் தள்ளித்தான் இருந்தன. கீச். கீச். கார் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் சத்தம் நெருங்கியது. கீச்கீச். சுடர் இப்போது ஆடியது, காற்று வந்த பக்கமாக, காரை நோக்கிக் குனிந்தது. சத்தம் இடைவெளி இல்லாத ஒரே கத்தலாக நீண்டது. பின்பம்பரில் ஏதோ முட்டிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம்.

நின்றது.

சத்தம் ஓய, காரின் பின்பக்கம் மெதுவாகத் தணிந்தது. பாரமான ஒருவர் ஏறி உட்காரும்போது தணியுமே, அப்படி. கதவு எதுவும் திறக்கவில்லை.

அவன் பின்னுக்கு இழுத்து, வளைத்து, மணலை வாரி இறைத்துக்கொண்டு பாதையில் பாய்ந்தான். றோட்டுக்கு ஏறிய பிறகுதான் போனைப் பார்த்தான். கண் மூடியிருந்தது. சாம்பல் நிறம்.

‘பார்வையாளர்: எவருமில்லை.’

தனுசன் சத்தமாகச் சிரித்தான். ஸ்டேரிங்கில் தட்டினான், வெறும் றோட்டில் ஹோன் அடித்தான். போய்விட்டார்! கமெராவாவது மண்ணாவது, அதெல்லாம் பார்த்ததில் சேராது. மணலில் பின்சில்லு புதைந்ததுதான் தணிந்தது. அண்ணன் போய்விட்டார், பச்சைக் கண் போய்விட்டது, கட்டார்க்காரனும் படுக்கப் போய்விட்டான். அவன் காலை அழுத்தினான்.

கார் முனகியது.

லீற்றருக்குப் பத்தொன்பது என்றது செயலி. கடகத்தை இறக்கிவிட்டு வருகிற கார், போனபோது இருந்ததைவிடப் பாரமாக வந்துகொண்டிருந்தது. பதினேழு. தட்டையான றோட்டில் என்ஜின் மேட்டில் ஏறுவதுபோல் மூச்சு வாங்கியது. பதினைந்து.

‘அன்பான ஓட்டுநரே, தங்கள் வாகனத்தில் தேவையற்ற பாரம் உள்ளது. தயைகூர்ந்து இறக்கி வைக்கவும்.’

தனுசன் ஹோனிலிருந்து கையை எடுத்தான்.

கணவாய் மணம் போயிருந்தது. அதன் இடத்தில் வேறொன்று: லீவில் வரும்போதெல்லாம் அண்ணன் பூசிக்கொண்டு வருகிற கட்டார் அத்தர். அதற்கு அடியில், அத்தரால் மூட முடியாமல், பெட்டியைத் திறந்த அன்று வந்த மருந்து மணம். பின்சீற்றிலிருந்துதான் முதலில் வந்தது. பிறகு முன்சீற்றுகளுக்கு நடுவிலிருந்து. பிறகு அவனுடைய சட்டைக் கொலரிலிருந்து.

ஏசி நின்றது. அவன் தொடவில்லை. நான்கு கண்ணாடிகளும் இரண்டு விரல் அளவுக்கு இறங்கின. தனியாக ஓட்டும்போது ஏசி எதற்கு, கண்ணாடியை இரண்டு விரலுக்கு இறக்கு, காற்று வரும் என்பது அண்ணனின் சட்டம். தனுசன் ஒருநாளும் கேட்டதில்லை.

வேகம் குறைந்து ஒரே அளவில் நின்றது. வளைவுக்கு முன்பே காரின் சிக்னல் தானாக விழுந்தது. எதிரே வந்த பஸ்ஸுக்காக வெளிச்சம் தணிந்தது. மூலையில் புள்ளி ஏறிக்கொண்டிருந்தது. எழுபத்தொன்று. எழுபத்தெட்டு.

உப்புவெளியில் கால் தானாகப் பெற்றோல் பெடலை விட்டது. ஏன் என்று தெரியவில்லை. கார் மெல்ல, மெல்ல, ஒரு குலுக்கமும் இல்லாமல் தளர்ந்து வந்தது. வளைவு திரும்பியது. அதற்குப் பிறகுதான் வெளிச்சத்தில் மாடு தெரிந்தது, நடுறோட்டில், அசை போட்டபடி.

மாட்டை முன்னுக்கே பார்த்தது யார்?

எண்பத்தொன்பது.

நிறுத்து என்று காலுக்குச் சொன்னான். கால் கேட்கவில்லை. கையை எடு. எடுக்கவில்லை. இரண்டு கைகளும் ஸ்டேரிங்கின் இரு பக்கமும் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன, அண்ணன் எப்போதும் சொல்கிற இடத்தில். தெருவிளக்கு ஒன்று கடந்தது. வலது கட்டைவிரலில் ஒரு பழைய சூட்டுத் தழும்பு.

வெல்டிங் சூடு.

உள்கண்ணாடி மேலே மடங்கிக் கிடந்தது. அதை ஒருக்கால் இறக்கினால் போதும். ஒரு முகம் பார்த்தால் போதும். கை வரவில்லை.

டவுன். தேத்தண்ணிக் கடை வாசலில் சனம். ஒருவன் காரைப் பார்த்துக் கை காட்டினான். ஸ்டேரிங்கிலிருந்த விரல் ஒன்று பதிலுக்கு உயர்ந்தது. தனுசன் கத்தினான். கார் அமைதியாகப் போனது. துறைமுகம். விளக்குகள். மேடு. தொண்ணூற்றாறு.

கேற்றடியில் யசோதரா செம்பில் தண்ணீரோடு நின்றாள்.

கார் அவளுக்கு முன்னால் ஒரு சொட்டுக் குலுக்கம் இல்லாமல் நின்றது. அவள் வெளிச்சத்துக்குக் கையை மறைத்துக்கொண்டு குனிந்து உள்ளே பார்த்தாள். செம்பு கேற்றில் முட்டியது. தண்ணீர் கொஞ்சம் சிந்தியது. மச்சாள், நான்தான், நான் தனுசன் என்று அவன் தன் முழுப் பலத்தோடும் சொன்னான். வாய் திறக்கவில்லை.

அவள் கத்தவில்லை. பின்சீற்றைப் பார்த்தாள். பக்கத்துச் சீற்றைப் பார்த்தாள். பிறகு ஓட்டுகிற இடத்தை, நெடுநேரம்.

“தனுசனை எங்க விட்டிட்டு வந்தனீங்கள்?” என்றாள்.

இப்போது வாய் திறந்தது.

“தேவையில்லாத பாரம்,” என்றது பிரசாந்தனின் குரல். “இறக்கிப்போட்டு வாறன்.”

கிரிக்கெட் சத்தம் பக்கத்து வீட்டு ரீவியில் கேட்டது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பனைகளைப் போல நிமிர்ந்து நின்று ஒரு மூச்சு இழுத்தாள்.

“சரி,” என்றாள். “இறங்குங்கோ. காலை நீட்டுங்கோ.”

தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கால் நனையவில்லை. தனுசன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தான். கேற், செம்பு, அவளுடைய கை, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிற ஒரு அகலமான முதுகு. எல்லாம் சின்னதாக இருந்தது. இன்னும் சின்னதாகியது. உள்ளங்கையளவு. கதவு சாத்துவது தெரிந்தது. அதற்குப் பிறகு முன்கண்ணாடிக் கமெரா வெறும் கதவையே காட்டிக்கொண்டிருந்தது.

போன் அவன் கையில் இருந்தது.

காலுக்குக் கீழே மணல். ஈரம்.

‘பயணம் இனிதே நிறைவுற்றது. ஓட்டுநர்: பிரசாந்தன். புள்ளி: நூறு. வாழ்த்துகள்.’

மேல்மூலையில் கண் பச்சையாகத் திறந்தது.

‘பார்வையாளர்: ஒருவர். பெயர்: தனுசன்.’

பனைகள். கவிழ்த்த வள்ளங்கள். கடல் சத்தம், மிகத் தூரத்தில். முன்னால் இலை, விளக்கு, ஆடாத சுடர். அவன் ஓடப் பார்த்தான். மூன்று பாதையும் இருந்தன. எதிலும் கால் இறங்கவில்லை. கணவாய் மணத்தது. குமட்டவில்லை. வாயூறியது. வயிறு பல நாள் பட்டினி கிடந்ததுபோல் இழுத்தது.

போன் ஒருமுறை அதிர்ந்தது. குரல் பதிவு. தானாகவே ஓடியது.

“ஏன்டா நிக்கிறாய்? சாப்பிடு.”

தனுசன் இலைக்கு முன்னால் சம்மணம் கொட்டி உட்கார்ந்தான். கையை நீட்டினான். பனைகளுக்கு நடுவிலிருந்து நாய் ஒன்று மூக்கைத் தாழ்த்திக்கொண்டு வந்தது. நேரே வந்தது. அவனுடைய மடிக்குள்ளால், நெஞ்சுக்குள்ளால் நடந்துபோய் இலையில் வாய் வைத்துத் தின்னத் தொடங்கியது.